கையில் போட்ட பிளக்: வார்டிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகள்

சிங்கப்பூரில் இருபது வருஷத்துக்கும் மேலாக வார்டுத் தாதியாக இருக்கிறேன். சொந்தத்தில் யார் மருத்துவமனையில் படுத்தாலும் முதல் வாட்ஸ்அப் எனக்குத்தான் வரும். பாதி நேரம் அது பிளக் போட்ட ஒரு கையின் படம். பிளக் என்பது நரம்பு வழியாக மருந்து ஏற்றக் கையில் போட்டு வைக்கும் சின்னக் குழாய். கீழே "இது சரியா இருக்கா பாருக்கா" என்று ஒரு வரி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி விரல் ஓய்ந்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களை நேரில் பார்க்கும் டாக்டரும் தாதியும் சொல்வதுதான் கடைசி வார்த்தை. படத்தைப் பார்த்து நான் சொல்வதற்கு அடுத்த இடம்தான்.

பிளக் என்கிறார்களே, ஊசி உள்ளேயே இருக்கிறதா?

இல்லை. எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். கையை அசைத்தால் ஊசி உள்ளே கிழித்துவிடும் என்று மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஊசிக்கு மேல் சட்டை போட்ட மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கும். ஊசி தோலைத் துளைத்து ரத்தக்குழாய்க்குள் போனதும் பின்பக்கக் கூட்டில் ரத்தம் தெரியும். குழாயை மட்டும் உள்ளே நகர்த்திவிட்டு ஊசியை உருவி, ஊசிகளுக்கென்றே உள்ள கெட்டிப் பெட்டியில் போட்டுவிடுவோம். உள்ளே இருப்பது வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக், அவ்வளவுதான். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மயக்க மருந்துப் பயிற்சியில் இருந்த டேவிட் மாஸா 1950-ல் செய்து காட்டிய யோசனை இது. அதற்கு முன் இரும்பு ஊசியையே கையில் வைத்துப் பலகையோடு சேர்த்துக் கட்டுவார்கள்.

புத்தகத்தில் இதன் பெயர் கேனுலா. சிங்கப்பூர் வார்டில் 'பிளக்'. ரத்தக்குழாயைப் புத்தகம் சிரை என்கிறது, நாம் நரம்பு என்கிறோம். உணர்ச்சி கடத்தும் நரம்பு வேறு என்று தெரிந்தே நானும் நரம்பு என்றுதான் சொல்கிறேன். பாட்டியிடம் "சிரை கிடைக்கவில்லை" என்றால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

எந்தக் கையில் போட வேண்டும் என்று நான் சொல்லலாமா?

தாராளமாக. சோறு பிசைந்து சாப்பிடுகிற கையில் பிளக் போட்டால் நம் ஆட்களுக்குச் சாப்பாடே இறங்காது. கரண்டி கொடுத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அதைவிட மோசம், வலது கையாலேயே சாப்பிட்டுவிட்டு பிளக்கோடு சேர்த்துக் குழாயடியில் கழுவுவது. ஆகவே "மிஸ்ஸி, இடது கையில் போடுங்கள்" என்று முதலிலேயே கேளுங்கள். இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நரம்பு இருந்தால் போட்டுவிடுவார்கள்.

இடத்தில் முன்னங்கைதான் நல்லது. எலும்பே பலகை மாதிரி தாங்குகிறது, வளைவு கிடையாது, குழாய் உள்ளே உரசுவதும் குறைவு. மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் போட்டால் மடக்கும் போதெல்லாம் குழாய் நெளியும், பம்ப் மெஷின் கத்தும், இரண்டு நாளில் வலிக்கத் தொடங்கும். அவசரச் சிகிச்சைப் பிரிவில் மடிப்பில்தான் போடுவார்கள், ஏனென்றால் அங்கே நரம்பு பெரிது, கையில் நேரம் இல்லை. அது நியாயம்தான். ஆனால் ஆள் வார்டுக்கு வந்து ஆசுவாசமான பிறகும் அதே மடிப்பில் நாலு நாள் கிடப்பதற்கு நியாயம் கிடையாது. ஆம்புலன்ஸிலோ, உயிர்காக்கும் பதற்றத்திலோ போட்ட பிளக்கைச் சுத்தம் சந்தேகம் என்றால் 48 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது பழைய விதி. பெரியவர்களுக்குக் காலில் போடுவதை முடிந்தவரை தவிர்ப்போம்.

நீங்கள் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டிய சில கைகள் உண்டு. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம்) வைத்த கை: அதில் ஊசியும் கூடாது, ரத்த அழுத்தப் பட்டையும் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை. பக்கவாதத்தில் உணர்ச்சி போன கை. அங்கே மருந்து கசிந்தாலும் வலி தெரியாது. இன்னொன்றை யாரும் நினைவில் வைப்பதில்லை. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருப்பவருக்கு, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை என்றாலும், முன்னங்கை நரம்புகளைச் சேமித்து வைக்க வேண்டும். பின்னால் ஃபிஸ்டுலா செய்ய அந்த நரம்புதான் மூலதனம். அவர்களுக்குப் புறங்கையில் போடச் சொல்லிக் கேளுங்கள். சிங்கப்பூரில் நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டை எண்ணிப் பார்த்தால் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

நாலு தடவை குத்தியும் கிடைக்கவில்லை. வேறு ஆளைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

கேளுங்கள். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் முயலக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. இரண்டு போயிற்று என்றால் கைதேர்ந்த இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். அவராலும் முடியவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் வைத்து நரம்பைத் திரையில் பார்த்துப் போடலாம். நல்ல தாதி இதைத் தானாகவே சொல்வார். நடுராத்திரி மூன்று மணிக்கு, முதல் வருஷ டாக்டர் வியர்த்து வழிந்துகொண்டு மூன்றாவது இடத்தைத் தட்டிப் பார்க்கும்போது, "டாக்டர், கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு வேறு யாரையாவது பார்க்கச் சொல்கிறீர்களா?" என்று நோயாளியே மெதுவாகச் சொன்னால் அவருக்கும் நிம்மதிதான். எனக்குத் தெரிந்து யாரும் கோபித்ததில்லை.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வார்டு ஏர்கானில் கை ஜில்லென்று இருந்தால் நரம்பு சுருங்கி ஒளிந்துகொள்ளும். போர்வைக்குள் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், அல்லது வெதுவெதுப்பான துணி கேளுங்கள். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்க விடுங்கள். தண்ணீர் குடிக்கத் தடை இல்லை என்றால் குடியுங்கள். பளார் பளார் என்று அடித்தால் நரம்பு எழும்பும் என்று சிலர் நினைக்கிறார்கள், வலிதான் எழும்பும். போன தடவை எந்த இடத்தில் லகுவாகப் போயிற்று என்பதை நினைவில் வைத்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் வேறாக இருக்கிறதே?

குழாயின் தடிமன். மஞ்சள் 24, நீலம் 22, ரோஸ் 20, பச்சை 18, சாம்பல் 16, ஆரஞ்சு 14. எண் குறையக் குறையக் குழாய் பெரிது. சாதாரண மருந்துக்கு நீலமே போதும். சாய மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுப்பதற்கோ, ரத்தம் நிறைய ஏற்ற வேண்டியிருந்தாலோ ரோஸ், பச்சை. காரியத்துக்குப் போதுமான சிறிய குழாயே நரம்புக்கு நல்லது. சுற்றி ரத்தம் ஓட இடம் இருக்கும், மருந்து கரைந்து போகும்.

போடும்போது சுத்தமாகச் செய்கிறார்களா என்று நான் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மூன்று இடத்தில் கண் வையுங்கள். முதலில் அவர் கை: உங்களைத் தொடுவதற்கு முன் கட்டில் காலடியில் இருக்கும் கைத்தேய்ப்பானை அழுத்தித் தேய்த்தாரா? கையுறை போட்டிருந்தாலும் அதற்கு முன் தேய்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தோலைத் துடைப்பது. குளோர்ஹெக்சிடினும் ஆல்கஹாலும் கலந்த பஞ்சால் சுமார் 30 விநாடி நன்றாகத் தேய்க்க வேண்டும். பிறகு அது தானாகக் காய வேண்டும். இந்தக் காயும் நேரத்தில்தான் பிழை நடக்கிறது. அவசரத்தில் சிலர் கையால் விசிறுவார்கள், பழைய ஆட்கள் வாயால் ஊதுவார்கள். ஊதினால் வாயிலுள்ள கிருமி அத்தனையும் சுத்தம் செய்த இடத்தில் உட்காரும். ஈரத்திலேயே குத்தினால் எரிச்சலும் உண்டு, கிருமியும் முழுதாகச் சாகாது. நோயாளியின் மனைவியே அன்போடு குனிந்து ஊதியதையும் பார்த்திருக்கிறேன். புதுப் பஞ்சை எடுத்து முதலிலிருந்து தேய்த்தேன், அந்த அம்மாவுக்கு ஏன் என்று புரியவேயில்லை.

மூன்றாவது, துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்ப்பது. நரம்பு எங்கே என்று கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்கும் ஆசை எங்கள் எல்லாருக்கும் வரும். தொட்டால் மறுபடி துடைக்க வேண்டும். "மிஸ்ஸி, மறுபடி துடைக்க வேண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

போட்டு முடிந்ததும் உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடிப் பிளாஸ்டர் ஒட்டித் தேதி எழுதுவார்கள். சலைன் ஒரு ஊசி அளவு விட்டுப் பார்ப்பார்கள். அப்போது வாயில் ஒரு விதமான உப்பு, உலோகச் சுவை வந்தால் பதற வேண்டாம், பலருக்கும் வரும். பிறகு ஒவ்வொரு முறை மருந்து போடும் முன்னும் குழாயின் வாயை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி தேய்த்துக் காயவிட வேண்டும். 15 விநாடி என்பது நின்று பார்த்தால் நீளமான நேரம். எங்களில் பலர் சுருக்கிக்கொள்வது இங்கேதான்.

கோயில் கயிறு, வளையல், மருதாணி?

கழற்றச் சொன்னால் வருகிற முகவாட்டம் எனக்குத் தெரியும். மணிக்கட்டில் மூன்று வருஷமாக இருக்கும் சிவப்புக் கயிறு நனைந்து, காய்ந்து, குழம்பு பட்டு, சோப்பு பட்டு ஊறிக் கிடக்கும். அது பிளக்குக்கு ஒரு விரல் பக்கத்தில் உரசிக்கொண்டிருப்பது நல்லதல்ல. நான் அதை அறுக்கச் சொல்வதில்லை. பிளக்கை அடுத்த கையில் போட்டுவிடுவேன். அதற்கு வழியில்லை என்றால், அவிழ்த்துச் சின்ன உறையில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்வேன். சாமி அங்கே இருந்தும் பார்க்கும்.

வளையலும் மோதிரமும் வேறு விஷயம். மருந்து கசிந்து கை வீங்கினால் அவை இறுகி ரத்த ஓட்டத்தை நெரிக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். பிளக் உள்ள கையில் வேண்டவே வேண்டாம். மருதாணி உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் அந்தச் சிவப்புக்குள் வேறு சிவப்பு வந்தால் தெரியாது.

மூன்று நாளானால் கட்டாயம் மாற்ற வேண்டுமா?

ஒரு காலத்தில் 72 முதல் 96 மணி நேரத்துக்குள் மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு செய்தோம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், நாள் பார்த்து மாற்றியவர்களுக்கும், பிரச்சினை தெரிந்தபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் நரம்பு அழற்சி ஒரே அளவுதான், இரண்டு பக்கமும் 7 சதவீதம். அதற்குப் பிறகு பல இடங்களில் நாள் கணக்கை விட்டுவிட்டார்கள். பிறகு சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஒரு பெரிய மருத்துவமனை அப்படி விட்டுப் பார்த்தபோது ரத்தத்தில் கிருமி ஏறுவது கூடியது, பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. 2021-ல் அதை எழுதினார்கள். ஆக உங்கள் வார்டு எந்த விதியைப் பின்பற்றினாலும் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

என் அபிப்பிராயம் கேட்டால், ஜெனீவா எனக்குச் சொல்வது இது: தேவைப்பட்டால்தான் மாற்றுவோம் என்ற விதி, தினமும் ஒருவர் உண்மையாகவே பார்க்கிற வார்டில்தான் பலிக்கும். பார்க்காத வார்டில் தேதிதான் காவல்.

மருந்து ஏறும்போது எரிகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

பொறுக்காதீர்கள். நம் ஊர்க்காரர்களின் பெரிய குணமும் பெரிய ஆபத்தும் பொறுமைதான்.

சில மருந்துகள் இயல்பாகவே எரியும். பொட்டாசியம் அப்படி, சில ஆன்டிபயாட்டிக்கும் அப்படி. வேகத்தைக் குறைத்தாலோ, இன்னும் நீர்க்கக் கலந்தாலோ, பெரிய நரம்புக்கு மாற்றினாலோ தணியும். ஆனால் இந்த எரிச்சல் வேறு எதன் அறிகுறி என்று பார்க்காமல் "மருந்து அப்படித்தான்" என்று யாரும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது.

குழாய் நரம்பை விட்டு நழுவி மருந்து சதைக்குள் போனால் இடம் வீங்கி, பிதுங்கி, தொட்டால் ஜில்லென்று இருக்கும். வெறும் சலைன் என்றால் ஓரிரு நாளில் வற்றிவிடும். சில புற்றுநோய் மருந்துகள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் போன்றவை சதையையே புண்ணாக்கும். அதனால் வலிக்கிறது என்றால் முதலில் டிரிப்பை நிறுத்த வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. நீங்களாக ஒத்தடம் கொடுக்காதீர்கள். சில மருந்துக்குச் சூடு, சில மருந்துக்குக் குளிர். மாற்றிக் கொடுத்தால் கெடுதல் கூடும்.

நரம்பே அழன்றுபோனால் அந்த இடம் சூடாக, நரம்பின் ஓட்டத்திலேயே வலிக்கும். முற்றினால் தோலுக்கடியில் கயிறு மாதிரி விரலில் தட்டுப்படும். இதற்கு எங்களிடம் 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. லேசான வலியோ லேசான சிவப்போ தனியாக இருந்தால் 1, அடிக்கடி பார்ப்போம். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு சேர்ந்தால் 2, உடனே கழற்றி வேறிடத்தில் போட வேண்டும்.

சிவந்திருக்கிறதா பார் என்கிறார்கள். கறுத்த தோலில் எப்படித் தெரியும்?

இதைக் கேட்டது என் மாமா. கேட்டபோது காலம் கடந்திருந்தது.

எங்கள் பாடப்புத்தகப் படங்களில் இருப்பதெல்லாம் வெளுத்த கைகள். அந்தச் செக்கச்சிவந்த வட்டம் நம் தோலில் வராது. கொஞ்சம் கூடுதலாகக் கறுக்கும், ஊதா படியும், அல்லது பளபளக்கும். ஆகவே கண்ணைவிட விரலை நம்புங்கள். புறங்கையை வைத்து இரண்டு கையிலும் ஒரே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாக இருக்கிறதா? பிளாஸ்டருக்கு மேலே நரம்பு போகிற வழியில் மெதுவாக அழுத்துங்கள். சுளீரென்கிறதா, கெட்டியாக இருக்கிறதா? தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதா?

மாமா வயிற்றுக் கோளாறுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். அவசரப் பிரிவில் முழங்கை மடிப்பில் பிளக் போட்டார்கள். இரண்டாம் நாளே டிரிப் நின்று கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். பிளக்கை யாரும் எடுக்கவில்லை. நான்காம் நாள் வலித்திருக்கிறது, சொல்லவில்லை. "பாவம், அந்தப் புள்ள நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, இதுக்கு எதுக்குக் கூப்பிடுறது?" ஐந்தாம் நாள் மாலை நான் போனபோது இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டர் கையைச் சுருட்டினேன். பிளாஸ்டர் ஓரம் எழும்பி உள்ளே மஞ்சளாக ஒரு சொட்டு. மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே வரை நரம்பு தாம்புக் கயிறு போல விறைத்திருந்தது. சார்ட்டில் அன்று காலைகூட 'நன்றாக உள்ளது' என்றுதான் குறித்திருந்தது. ஸ்வெட்டருக்கு மேலே இருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தாதியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போர்வையை விலக்காமல் நானும் அப்படி எழுதிய இரவுகள் உண்டு.

ரத்தப் பரிசோதனையில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. நம் தோலிலும் மூக்கிலும் சாதுவாக வாழ்கிற கிருமி, ரத்தத்தில் இறங்கினால் இதய வால்வில் போய் ஒட்டும். ரத்தத்தில் அது இருந்தால் குறைந்தது 14 நாள் ஊசி வழி ஆன்டிபயாட்டிக், இதய ஸ்கேன். மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் மூன்று வாரம் இருந்தார். அந்த ஆன்டிபயாட்டிக்கை ஏற்றுவதற்கு அடுத்த கையில் ஒரு புது பிளக்.

மருந்து எதுவும் ஏறவில்லை, பிளக் மட்டும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டுமா?

மாமாவின் கதைக்குப் பிறகு இதற்கு என் பதில் உங்களுக்கே தெரியும். காலை ரவுண்டில் டாக்டர் வரும்போது கேளுங்கள்: "டாக்டர், இந்த பிளக் இன்னும் தேவையா?" ஏதாவது அவசரம் வந்தால் வேண்டும் என்று வைத்திருப்பார்கள்; இதய நோயாளிக்கும், வலிப்பு வருகிறவருக்கும், ரத்தம் கசிகிறவருக்கும் அது சரி. மற்றவர்களுக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்பது ஒரு காரணமே இல்லை. நரம்பு வழி மருந்து எல்லாம் மாத்திரைக்கு மாறி 24 மணி நேரம் தொடாத பிளக் என்றால் நான் டாக்டரைத் துளைத்தெடுப்பேன்.

குழாயில் காற்றுக் குமிழி! உயிருக்கு ஆபத்தா?

சினிமா பார்த்த பயம். கைப் பிளக்கில் கடுகு அளவு குமிழி இரண்டு மூன்று போனால் நுரையீரல் வடிகட்டிக்கொள்ளும். நீளமாகக் காற்று தெரிந்தால் தாதியைக் கூப்பிடுங்கள், எடுத்துவிடுவார்.

கழிப்பறைக்குப் போய் வந்தால் குழாயில் ரத்தம் ஏறியிருக்கிறது?

டிரிப் பை உங்கள் கையைவிடத் தாழ்ந்திருக்கும், அல்லது தீர்ந்திருக்கும். சொல்லுங்கள், ரத்தம் உறைந்தால் குழாய் அடைத்துப்போகும், மறுபடி குத்து. கம்பத்தை ஒரு கையில் தள்ளிக்கொண்டு நடக்கும்போது பிளக் உள்ள கையைத் தொங்க விடாமல் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்கலாமா? கோடாலித் தைலம் தடவலாமா?

குளிக்கலாம், அந்தக் கையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு. நனைந்த பிளாஸ்டரை அப்படியே விடாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் கிருமிக்குக் கல்யாணம்தான்.

தைலம் பற்றி நான் கேலியாகச் சொல்லவில்லை. மருத்துவமனைப் பையில் கோடாலித் தைலம் இல்லாத தமிழ்ப் பாட்டி இன்னும் பிறக்கவில்லை. தலைக்குத் தேயுங்கள், முட்டிக்குத் தேயுங்கள். பிளக் இருக்கிற முன்னங்கைக்கு வேண்டாம். எண்ணெய் பட்டால் பிளாஸ்டர் பசை விட்டுப்போகும், ஓரம் எழும்பும், அந்த இடைவெளி போதும். மஞ்சள் பற்று, நல்லெண்ணெய், திருநீறு எல்லாவற்றுக்கும் இதே பதில். திருநீற்றை நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வராது. தாதிக்குத் தமிழும் தெரியாது. எப்படிச் சொல்வது?

இங்கே தாதிகள் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா, மலேசியா, இந்தியா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பழைய தலைமுறை ஆட்களுக்கு மலாய் வரும்: வலிக்கு 'சாக்கிட்', வீக்கத்துக்கு 'பெங்காக்'. பிளக்கைக் காட்டி அதைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியும். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் இருந்து வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இன்னும் சுருக்கம்: பிளக்கைக் காட்டு, 'பெய்ன்' என்று சொல், முகத்தைச் சுளி. அது போதும். அழைப்பு மணியை அமுக்குவது தொந்தரவு என்று நினைக்காதீர்கள். வலிக்கிற கைக்கு மணி அடித்தவரை நாங்கள் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், அடிக்காதவருக்கு வாரக்கணக்கு.

குழந்தைக்குப் போடும்போது கூட இருக்கலாமா?

பெரும்பாலும் விடுவார்கள், கேளுங்கள். அவசரம் இல்லை என்றால் மரத்துப்போகும் கிரீம் தடவச் சொல்லலாம். வேலை செய்ய சுமார் ஒரு மணி நேரம் ஆகும், அதனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பாலோ நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ வலியைத் தணிக்கும். "ஊசி இல்லடா கண்ணா" என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்களையும் நம்பாது, எங்களையும் நம்பாது. பிளக்குக்கு மேல் சுற்றிய கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தாதி கட்டை விலக்கிப் பார்க்கும்போது நீங்களும் பாருங்கள், விரல் நுனி வீங்கியிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

டெங்கி. குத்திய இடமெல்லாம் கன்றிப்போகிறது?

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இயல்பாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். டெங்கியில் அது இருபதாயிரத்துக்கும் கீழே போவதுண்டு. அதனால் கழற்றிய இடத்தை இரண்டு நிமிடம் அல்ல, ஐந்து நிமிடமாவது விடாமல் அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதேதான்.

வீட்டிலேயே மருந்து ஏற்றுகிறோம் என்கிறார்கள். பிளக்கோடு வீட்டில் இருக்கலாமா?

2024 ஏப்ரலிலிருந்து வீட்டிலேயே உள்நோயாளியாகப் பராமரிக்கும் 'எம்ஐசி அட் ஹோம்' திட்டம் பொது மருத்துவமனைகளில் வழக்கமான சேவையாகிவிட்டது. தாதி வீட்டுக்கு வருவார் அல்லது காணொளியில் பேசுவார். நல்ல ஏற்பாடு, என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் வார்டில் எட்டு மணி நேரத்துக்கொருமுறை மாறும் கண்கள் வீட்டில் இல்லை. காலையும் இரவும் நல்ல வெளிச்சத்தில் பிளக்கைப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிடலாம். பணிப்பெண் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அவருக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள். அந்தக் கையால் பாத்திரம் கழுவாதீர்கள், பேரனைத் தூக்காதீர்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொடுத்த எண்ணுக்கு அழையுங்கள். திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நாளைக்குச் சொல்லலாம் என்று படுக்காதீர்கள்.

வாரக்கணக்கில் மருந்து என்றால் மேற்கையிலிருந்து உள்ளே நீளமாகப் போகும் பிக் லைன் வைப்பார்கள். அதன் பராமரிப்பு வேறு; மேலே சொன்னதை அதற்குப் பொருத்த வேண்டாம்.

கழற்றிய பிறகு?

தாதி பஞ்சை வைத்து உருவியதும் இரண்டு மூன்று நிமிடம் நீங்களே அழுத்துங்கள், கையை மடக்காமல். உருவிய குழாயின் நுனி முழுசாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். கழற்றி இரண்டு நாள் கழித்தும் நரம்பு அழற்சி தலைகாட்டலாம்; சின்னக் கன்றல் போய்விடும், ஆனால் சூடு, சீழ், பரவுகிற வலி என்றால் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ போங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

டாக்ஸி வந்துவிட்டது என்று கிளம்பும் முன் இரண்டு சட்டைக் கையையும் மடித்துப் பாருங்கள். என் சித்தி அங் மோ கியோ வீட்டுக்குப் போய், குளித்து, ரசத்துக்குப் புளி கரைக்கக் கையை விடும்போதுதான் புறங்கையில் நீலப் பிளக்கைப் பார்த்தார். எனக்கு போன். "நானே இழுத்துப் போட்டுடவா?" வேண்டாம் சித்தி, புளியை அப்படியே வையுங்கள், கையைக் கழுவாமல் துடைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றேன். போனார். கழற்றிய தாதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பஞ்சை அழுத்தினாராம். சித்தி அந்தப் பெண்ணிடம் சொன்னது, ரசம் மட்டும் ஆறிப்போயிருக்கும் என்று.